வெயில் ஊருக்கு ஏற்ற சீஸ்

(பொது அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் பால் வாசல் தாண்டி உள்ளே வந்ததும் நடக்கும் முதல் வேலை, அதை அடுப்பில் ஏற்றுவது. பாக்கெட் பாலானாலும் சரி, பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலானாலும் சரி, ஒரு பொங்கு பொங்கி இறக்கிய பிறகுதான் நமக்கு நிம்மதி. வெயில் நாட்டில், ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ஏற்பட்ட நல்ல பழக்கம் இது. வீட்டில் சீஸ் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கமும் இதுதான். பொங்கிய பாலில் தயிர் வரும், பனீர் வரும், திரட்டுப்பால் வரும். பாலைக் கட்டிப்பட வைக்கும் ரென்னெட் போட்டுச் செய்கிற சீஸ் மட்டும் ஒழுங்காக வராது. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்தக் கலையில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகப் பாலெங்கும் பரவியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எத்தனை சிறியதோ, ஏறக்குறைய அத்தனை சிறிய உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையின் மேலும் கப்பா கேசீன் என்ற வகைப் புரதம் மெல்லிய இழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைகளுக்கு மின்னூட்டம் உண்டு. ஓர் உருண்டை இன்னொன்றை நெருங்கவிடாமல் அவை தள்ளி வைக்கின்றன. பால் பாலாகவே இருப்பது இதனால்தான்.

தயிர் தோயும்போது பாலில் புளிப்பு ஏறுகிறது. பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது அந்த மின்னூட்டம் தணிந்து உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சீஸ் போகிற வழி வேறு. ரென்னெட்டில் உள்ள கைமோசின் என்ற நொதி, கப்பா கேசீனை ஒரே ஓர் இடத்தில், அதன் 105-ஆவது அமினோ அமிலத்துக்கும் 106-ஆவதுக்கும் நடுவே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இழைகள் உதிர்ந்துவிடுகின்றன. பத்தில் எட்டு ஒன்பது பங்கு இழைகள் உதிரும்வரை பாலைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. பிறகு சட்டென்று உருண்டைகள் கைகோக்கத் தொடங்கும். நடுவே பாலமாக நிற்பது பாலில் உள்ள கால்சியம். புளிப்பே ஏறாமல், இனிப்பான பாலாக இருக்கும்போதே அது கட்டிப்படுகிறது.

இப்போது காய்ச்சிய பாலுக்கு வருவோம். 70 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏற, பாலில் கரைந்திருக்கும் மற்றப் புரதங்கள் உருமாறி, இதே கப்பா கேசீன் மீது போய் ஒட்டிக்கொள்கின்றன. நொதிக்கு வெட்ட இடம் கிடைப்பதில்லை. வெட்டினாலும் உருண்டைகள் சேர முடிவதில்லை. பனீருக்கு இந்த ஒட்டல் லாபம், ஏனென்றால் அந்தப் புரதங்களும் சேர்ந்தே கட்டியாகின்றன. ரென்னெட் சீஸுக்கு அதுவே தடை. 135 டிகிரி வரை சூடாக்கி அட்டைப் பெட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் கெடாது என்று விற்கும் பாலும் இதே காரணத்தால் உதவாது.

இந்த வேதியியலெல்லாம் தெரியாத காலத்திலேயே மனிதர்கள் சீஸ் செய்தார்கள். போலந்தின் குயாவியா பகுதியில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. உடம்பெங்கும் சிறு சிறு துளைகள். பால் வடிகட்டவே இவை என்று பீட்டர் போகுட்ஸ்கி என்ற தொல்லியலாளர் 1980களிலேயே சொன்னார். 2012-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஓடுகளுக்குள் ஊறிக்கிடந்த பால் கொழுப்பை இனம்கண்டு அதை உறுதிப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. கட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரை வடித்துவிட்டால் லாக்டோஸில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வயிற்றுக்குப் பொருந்தாத ஒன்றைப் பொருந்தும் உணவாக மாற்றிய அறிவு அது. குடிசையில் பிறந்த அறிவு.

அன்றிலிருந்து நெடுங்காலம் சீஸ் வீட்டு வேலையாக, பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருந்தது. 1851-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ரோம் என்ற ஊரில், ஜெஸ்ஸி வில்லியம்ஸ் என்ற விவசாயி அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் பாலை ஒன்றாகச் சேர்த்துச் சீஸ் செய்யும் ஆலையைத் தொடங்கினார். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அந்த நாட்டு வீடுகளில் சீஸ் செய்யத் தெரிந்த கைகளே அரிதாகிவிட்டன. அதே நாட்டில் 1978-இல் ரிக்கி கேரல் என்ற பெண்மணியும் அவர் கணவரும், வீட்டில் சீஸ் செய்ய விரும்புகிறவர்களுக்கு ரென்னெட், அச்சு, தெர்மாமீட்டர் எல்லாம் அனுப்பிவைக்கும் சிறு வணிகத்தை மாசசூசெட்ஸில் தொடங்கினார்கள். 1982-இல் அவர்கள் எழுதிய கையேடு வெளிவந்தது. வீட்டைவிட்டுப் போன ஒரு கைவேலை மறுபடி வீட்டுக்குள் வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டிலும் இது இல்லாத சங்கதி அல்ல. வங்காளத்தில் பேண்டல் சீஸ் இருக்கிறது, ஜம்முவில் களாரி இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் பல பத்தாண்டுகளாகச் சீஸ் செய்கிறார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். இதில் இறங்குகிற பலர் முதலில் ஆசைப்படுவது செடார், இல்லையென்றால் வெண்பூஞ்சை படர்ந்த காமம்பேர். படத்தில் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அவை குளிர்ந்த நாடுகளின் நிலவறைகளில் பிறந்தவை. பத்து முதல் பதின்மூன்று டிகிரிக் குளிரும், எண்பது சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் மாதக்கணக்கில் மாறாமல் கிடைக்க வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் தரும் சௌகரியம் அது. நம் ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரியில் ஓடுகிறது, காற்றும் அதில் வறண்டது. சீஸ் முதிராது, காய்ந்து வெடிக்கும். வெளியில் வைத்தாலோ சென்னையிலும் மதுரையிலும் ஒரே நாளில் கொழுப்பு உருகி வியர்த்துவிடும். முதல் முயற்சிக்கே இந்த இடையூறுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நமக்கு இது ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கையில் குறையில்லை. தேர்ந்தெடுத்த சீஸ்தான் ஊருக்குப் பொருந்தவில்லை.

வெயில் ஊரில் இருப்பவர்கள் வெயில் ஊர்ச் சீஸிலிருந்து தொடங்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். நான் பரிந்துரைப்பது சைப்ரஸ் தீவின் ஹலூமி. கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் தீவு அது. மத்தியதரைக் கடல் பக்கத்தில் ஆட்டுப்பால் கிடைக்கும் பருவத்தில் செய்து, உப்புநீரில் போட்டு, கோடை முழுவதும் வைத்துச் சாப்பிட்ட சீஸ். அதற்கு நிலவறை வேண்டாம், பூஞ்சை வேண்டாம், பாக்டீரியா உறைகூடக் கட்டாயம் இல்லை. பால், ரென்னெட், உப்பு, கொஞ்சம் புதினா. அவ்வளவுதான். இன்னொரு சிறப்பும் உண்டு: கட்டியான பிறகு அதைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி நேரம் வேகவைக்கிறார்கள். ஆக, காய்ச்சாமல் நமக்கு மனம் ஆறாது என்றால் காய்ச்சலாம்; பாலாக இருக்கும்போது வேண்டாம், சீஸ் ஆன பிறகு.

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயரைச் சைப்ரஸுக்கு உரியதாகப் பதிவு செய்தது. கிரேக்க மொழியினரின் ஹலூமி, துருக்கி மொழியினரின் ஹெல்லிம் என்ற இரண்டு பெயர்களுமே பதிவானவை. விதிப்படி செம்மறி, வெள்ளாட்டுப் பால் பசும்பாலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நாம் வீட்டில் பசும்பாலில் செய்வது ஹலூமி முறையில் செய்த சீஸ். அப்படிச் சொல்வதே அந்தத் தீவின் மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

பாலைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆவின் நீலப் பாக்கெட் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவீதம். பச்சைப் பாக்கெட் நிலைப்படுத்தியது; 4.5 சதவீதம். ஆரஞ்சு நிறைகொழுப்பு, 6 சதவீதம். பச்சைப் பாக்கெட் நம் வேலைக்கு ஏற்றது. நீலத்திலும் செய்யலாம், சீஸ் கொஞ்சம் இறுகி வரும். பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி பதப்படுத்தியிருப்பார்கள். அந்த அளவுச் சூட்டைக் கேசீன் தாங்கும். பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் கவனம் தேவை. கொழுப்புத் துளிகளை அழுத்தத்தில் உடைத்துப் பொடியாக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாலில் கட்டி தளர்வாக வரும், கிளறும்போது நொறுங்கும். பதப்படுத்தலிலும் குளிரிலும் கால்சியத்தின் ஒரு பகுதி வேலைக்கு ஆகாமல் போய்விடும் என்பதால், உணவுத் தரக் கால்சியம் குளோரைடு 5 லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது நல்லது. மாடு வைத்திருப்பவரிடம் கறந்த பால் வாங்க முடிந்தால் அதுவே மேல். ஆனால் பச்சையாகப் பயன்படுத்த வேண்டாம். 63 டிகிரிக்குக் கொண்டுவந்து, அந்தச் சூடு குறையாமல் 30 நிமிடம் வைத்திருந்து, பாத்திரத்தைத் தண்ணீரில் நிறுத்தி விரைவாக ஆற்றுங்கள். நோய்க்கிருமிகள் அழியும், புரதம் பிழைக்கும். இதற்கெல்லாம் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் தயிருக்குப் போதும், இங்கே போதாது.

ரென்னெட் என்றதும் சைவ உணவினர் தயங்குவது நியாயம். மூலத்தில் அது பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது. 1874-இல் டென்மார்க்கில் கிறிஸ்டியன் ஹான்சன் அதை ஒரே தரத்தில் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இரைப்பைத் துண்டை ஊறவைத்து அவரவர் கணக்குக்குச் செய்துகொண்டிருந்தார்கள். 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து இதே வேலையைச் செய்யும் நொதியை எடுத்தார்கள். 1990-இல், நுண்ணுயிரிக்குள் கன்றின் மரபணுவை வைத்து உருவாக்கிய கைமோசினுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. இன்று நம்மூரில் வாங்கக் கிடைப்பது பெரும்பாலும் நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்ததே. பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் சர்க்கரை நோய்க்கென்று கேட்டு வாங்குகிற பன்னீர்ப் பூ இருக்கிறதே, அதற்கும் பாலை உறையவைக்கும் குணம் உண்டு. உண்மையில் அது காய். 1880களில் ஷெரிடன் லீ என்ற ஆங்கில உடலியலாளர் இதன் விதைச் சாற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். செய்து பார்க்க ஆர்வமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் நொதி புரதத்தைக் கண்ட இடத்தில் வெட்டுவதால் நாள்பட்ட சீஸில் கசப்பு ஏறும். முதல் பாடத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, அடுப்படிக்குப் போவோம்.

அடிகனமான பாத்திரத்தில் 5 லிட்டர் பால். மெல்லிய தீயில் 32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குளிர் நாடுகளில் இந்தச் சூட்டைக் காப்பாற்ற வெந்நீர்த் தொட்டியும் கம்பளியும் தேவைப்படும். நமக்குச் சித்திரை மாதத்தில் சமையலறையே 32 டிகிரியில்தான் இருக்கிறது. நம் வெயில் நமக்குச் செய்யும் உதவி இது. அடுப்பை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். கால்சியம் குளோரைடைக் கலக்குங்கள். ரென்னெட்டின் அளவு அதன் உறையில் சொன்னபடி. கடைக்குக் கடை வீரியம் வேறு. அதைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நொதி செத்துவிடும். பாலில் ஊற்றி அடியிலிருந்து மேலாக ஒரு நிமிடம் கலக்கி, பிறகு கரண்டியை எதிர்ப்பக்கம் பிடித்துப் பாலின் சுழற்சியை நிறுத்துங்கள். அதன்பின் பாத்திரத்தை அசைக்கக் கூடாது.

இப்போது ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியை எடுத்து, வெந்நீரில் கழுவிப் பாலின் மேல் மிதக்க விடுங்கள். அதன் விளிம்பை விரல் நுனியால் லேசாகத் தட்டினால் சுழலும். நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் தாராளமாகச் சுழலும். பத்தாவது நிமிடத்திலும் சுழலும், பாலில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பிறகு ஒரு தட்டலில் அது அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். அடுத்த தட்டலில் அசையவே அசையாது. நான் முன்பு சொன்ன உருண்டைகள் கைகோக்கிற கணம் அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு மூடி காட்டிக்கொடுக்கிறது. ரென்னெட் ஊற்றியதிலிருந்து அந்தக் கணம்வரை எத்தனை நிமிடமோ, அதை மூன்றால் பெருக்கினால் கட்டியை வெட்ட வேண்டிய நேரம் கிடைக்கும். 12 நிமிடத்தில் மூடி நின்றால், ஊற்றியதிலிருந்து 36-ஆவது நிமிடத்தில் வெட்டலாம். 10 முதல் 15 நிமிடத்துக்குள் நிற்பது நல்ல அடையாளம். வெகு சீக்கிரம் நின்றால் ரென்னெட் கூடிவிட்டது. 20 நிமிடத்தையும் தாண்டினால் பாலிலோ ரென்னெட்டிலோ வலு இல்லை. புத்தகத்தில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை எழுதியவர் உங்கள் பாலைப் பார்த்ததில்லை. மூடி பார்க்கிறது.

கத்தியைச் சாய்வாக விட்டு மெல்லத் தூக்குங்கள். நன்றாக வெந்த சீம்பாலைப் போல நேர்க்கோட்டில் பிளந்து, பிளவில் தெளிந்த தண்ணீர் ஊற வேண்டும். அந்தத் தண்ணீருக்கு லேசான பசுமஞ்சள் நிறம் இருக்கும். ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் தரும் நிறம் அது. தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு நெடுக்கிலும் குறுக்கிலும், கத்தியைச் சாய்த்தும் வெட்டி, ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக்குங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். வெட்டிய முகங்கள் கொஞ்சம் இறுகட்டும். அடுத்து, மிக மெல்லிய தீயில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு கையாலேயே கிளறுங்கள் என்பேன். தொடக்கத்தில் துண்டுகள் தொட்டால் உடையும் பதத்தில் வழுக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரை விட்டுச் சுருங்கி, விளிம்பு உருண்டு, விரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்படும். ஒரு பிடி அள்ளி அழுத்திக் கையைத் திறந்தால் ஒன்றாக ஒட்டி நிற்க வேண்டும், கட்டைவிரலால் தேய்த்தால் மறுபடி பிரிய வேண்டும். அதுதான் பதம். இதை நான் எத்தனை சொன்னாலும் ஒருமுறை கையில் பட்டால்தான் புரியும்.

வடிதட்டில் மெல்லிய பருத்தித் துணி விரித்து வாரிப் போட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குச் சமன்செய்து, மேலே இரண்டு மூன்று கிலோ பாரம் வையுங்கள். தண்ணீர் நிரப்பிய பாத்திரம் போதும். அரை மணி கழித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் அரை மணி. இதற்கிடையே வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மேலே வெள்ளைப் பஞ்சாகத் திரண்டு வருவதை ஓட்டைக் கரண்டியால் அள்ளி எடுங்கள். ரென்னெட்டுக்குக் கட்டுப்படாமல் தப்பிய புரதம் அது. சைப்ரஸில் அதற்கு அனாரி என்று பெயர். தேன் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுச் சாப்பிட்டால் நம் வீட்டுக் குழந்தைகள் அதற்காகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பார்கள்.

அழுத்திய கட்டியை உள்ளங்கை அளவுப் பலகைகளாக வெட்டி அந்தச் சுடுநீரிலேயே போடுங்கள். முதலில் மூழ்கும். வேக வேக மேலே எழுந்து மிதக்கும். மிதந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். 90 டிகிரிக்கு மேல் குறைந்தது 30 நிமிடம் வேக வேண்டும். எடுக்கும்போது அது வளைந்து கொடுக்கும். ஒரு பக்கம் உப்பும் உலர்ந்த புதினாவும் தூவி, சூட்டோடு இரண்டாக மடியுங்கள். சைப்ரஸில் அந்த மடிப்போடுதான் விற்கிறார்கள். ஆறியதும் கொதித்து ஆறிய அதே தெளிநீரில் லிட்டருக்கு 100 முதல் 120 கிராம் உப்புக் கரைத்து, கண்ணாடிச் சாடியில் மூழ்கும்படி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். 5 லிட்டர் பாலில் ஏறக்குறைய அரைக் கிலோ கிடைக்கும்.

மறுநாள் ஒரு துண்டைத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு உப்பைக் குறைத்து, துடைத்து, சூடான தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் வையுங்கள். உருகி ஓடாது, பொன்னிறமாகச் சிவக்கும், பல்லில் கடித்தால் கீச்சென்று சத்தம் வரும். மொசரெல்லாவில் புளிப்பு ஏறி, பிஎச் 5.2 அளவுக்கு வந்து, பாலமாக இருந்த கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. அதனால் சூட்டில் இழுபடுகிறது. இங்கே புளிப்பு ஏறவே நாம் விடவில்லை. கால்சியப் பாலங்கள் அப்படியே இருக்கின்றன, வேகவைத்ததில் புரதம் இன்னும் இறுகியிருக்கிறது. வெட்டிய தர்ப்பூசணியோடு சாப்பிட்டுப் பாருங்கள். கிழக்கு மத்தியதரைக் கரையில் கோடைக்கால உணவு அது. நம் கோடைக்கும் அவ்வளவு பொருத்தம்.

சுத்தத்தைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். 1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், சரியாகப் பதப்படுத்தாத பாலில் செய்த மென்சீஸ் மூலம் லிஸ்டீரியா பரவி, 142 பேர் நோயுற்று, 48 உயிர்கள் போயின. அவற்றில் பெரும்பகுதி கருவிலிருந்த சிசுக்களும் பச்சிளங்குழந்தைகளும். லிஸ்டீரியா ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும். அதனால் கருவுற்றவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் பதப்படுத்தாத பாலில் சீஸ் செய்யும் பேச்சே கூடாது. பாத்திரம், துணி, கத்தி எல்லாம் வெந்நீரில் கொதிக்க வேண்டும்.

அதே 1985-க்குப் பின் நடந்த இன்னொரு கதையும் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லகேம் என்ற ஊரில் ஒரு பெனடிக்டின் கன்னியர் மடம். அங்கே நோயெல்லா மார்செலினோ என்ற கன்னியாஸ்திரி, பிரான்சின் ஓவெர்ன் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டு, மரத் தொட்டியில் சீஸ் செய்துவந்தார். லாஸ் ஏஞ்சலஸ் சாவுகளுக்குப் பிறகு சுகாதார அதிகாரிகள் மரத்தை விட்டு எஃகுக்கு மாறச் சொன்னார்கள். அவர் வாதாடவில்லை, சோதித்தார். எஃகுத் தொட்டியிலும் மரத் தொட்டியிலும் வேண்டுமென்றே ஈ-கோலைக் கிருமியைச் சேர்த்துச் சீஸ் செய்தார். எஃகுத் தொட்டிச் சீஸில் கிருமி பெருகி நின்றது, மரத் தொட்டிச் சீஸில் அடங்கிப்போயிற்று. மரத்தின் இழைகளில் குடியிருந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் பாலை விரைவாகப் புளிக்கவைத்துக் கிருமியை வளரவிடவில்லை. அவர் அதோடு நிற்காமல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டமும் பெற்றார். இதைக் கேட்டுவிட்டு யாரும் மரத் தொட்டி வாங்கப் போகாதீர்கள். பல ஆண்டு பழகிய தொட்டி அது, பழகிய கை அது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. நோயெல்லா அம்மையார் ஒரு சீஸையே ஆண்டுக்கணக்காகச் செய்தார். ஒன்றையே செய்ததால்தான் கேள்வி கேட்கும் ஆழம் கிடைத்தது.

ஆகவே இந்த வாரம் ஹலூமி, அடுத்த வாரம் மொசரெல்லா, அதற்கடுத்து ஃபெட்டா என்று தாவ வேண்டாம். ஒரே சீஸை, ஒரே பாலில், மாதக்கணக்கில் செய்யுங்கள். ஒரு நோட்டு வையுங்கள். எந்தப் பால், எத்தனை டிகிரி, மூடி எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, வெட்டும்போது தண்ணீர் என்ன நிறம், கடைசியில் எத்தனை கிராம். கோடையில் மாட்டுக்குப் பச்சைத் தீவனம் குறையும், மழைக்காலத்தில் புல் செழிக்கும். பாலின் கொழுப்பும் புரதமும் அதோடு ஏறி இறங்கும். கறந்த பால் வாங்குகிறவர்களுக்கு அந்த மாற்றம் நோட்டில் தெரியத் தொடங்கும். பால் என்றால் காபிக்கு ஊற்றுவது என்று மட்டும் இருந்த நமக்கு, மாடும் மழையும் அதற்குள் இருப்பது தெரிய வரும்போது கிடைக்கும் சந்தோஷம் பெரியது. அதற்காகவே நான் இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த படி எது என்று கேட்பீர்கள். உப்புநீரில் வைக்கும் ஃபெட்டா வகை நல்லது. அதற்குப் பாக்டீரியா உறை வேண்டும், உறைமோரைப் பேணத் தெரிந்தவர்களுக்கு அதன் போக்குச் சுலபமாகப் பிடிபடும். மொசரெல்லாவுக்குப் பிஎச் பார்க்கும் கருவியோ தாளோ வாங்கிக்கொள்ளுங்கள், 5.2-க்கு முன்னால் இழுத்தால் அறுந்து போகும். செடார்தான் வேண்டும் என்கிறவர்கள் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வெளித் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து 12 டிகிரியில் நிறுத்தி, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஈரப்பதமானியும் வைக்க வேண்டும். அந்த ஃப்ரிட்ஜில் காய்கறியும் மாவும் வைக்கக் கூடாது. மின்சாரம் அடிக்கடி போகிற ஊரென்றால் இன்வெர்ட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பின்னால் உள்ள மேசையில் மூன்று தட்டுகள் இருக்கின்றன. ஒன்று பச்சைப் பாக்கெட் பாலில் செய்தது, ஒன்று நீலப் பாக்கெட்டில், ஒன்று கறந்த பாலை 63 டிகிரியில் வைத்துச் செய்தது. மூன்றும் ஒரே நாளில், ஒரே முறையில் செய்தவை. முதலில் கடித்துப் பாருங்கள். பிறகு கேள்விகளுக்கு வருவோம். உங்கள் வீட்டில் செய்து சரியாக வராத சீஸைப் பற்றிக் கேட்பதாக இருந்தால், எந்தப் பால் என்பதையும் அதைக் காய்ச்சினீர்களா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.